இரண்டு நியூட்ரான் வித்தியாசம்

கடலூர் திருப்பாப்புலியூரில் என் தாய்மாமா இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. முப்பத்து மூன்று வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி எடுத்தவர். இன்றைக்கும் அவரோடு லாரன்ஸ் ரோட்டில் காய்கறி வாங்கப் போனால், நடுவில் யாராவது பைக்கை நிறுத்தி, "சார், நல்லாருக்கீங்களா?" என்பார்கள். தலை நரைத்த மாணவர்கள். மாமாவுக்குப் பெயர் ஞாபகம் வராது. "நீ நாலாவது பெஞ்ச். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை சட்டையில கொட்டிக்கிட்டவன்" என்பார். சரியாக இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே இடுப்பெலும்புக்குப் போய்விட்டிருந்தது. ஊசி, மாத்திரை, கீமோ என்று எல்லாம் பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு டாக்டர் லுட்டீசியம்-177 கொடுத்தார். இது ஒரு மாதிரி கூரியர் வைத்தியம். ப்ராஸ்டேட் புற்றுச் செல்களின் மேல் ஒரு புரதம் நிறைய இருக்கும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றின் முதுகில் கதிரியக்க அணுவைக் கட்டி, ரத்தத்தில் அனுப்பிவிடுகிறார்கள். அது விலாசம் பார்த்துப் போய் அங்கே வெடிக்கிறது. லுட்டீசியம்-177 மும்பை ட்ராம்பேயில் துருவா அணு உலையில் தயாராகிறது. நம்ம ஊர்ச் சரக்கு. மாமாவுக்கு இரண்டு ரவுண்டு நன்றாகக் கேட்டது. மூன்றாவதில் கேட்கவில்லை. டாக்டர், "அடுத்தது ஆக்டினியம் முயற்சி பண்ணலாம். ஆனா ஸ்டாக் வரணும்" என்றார்.

போன மாதம் நான் போயிருந்தபோது மாமா இதைத்தான் பிடித்துக்கொண்டார். வியாதியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஸ்டாக்கைப் பற்றித்தான்.

"ஏன்டா, 1899-ல கண்டுபிடிச்ச தனிமம். பேரு பழைய பேரு. அது எப்படி ஸ்டாக் இல்லாமப் போகும்?"

"அது வேற ஆக்டினியம் மாமா. உங்களுக்கு வேண்டியது 225."

"சரி, 225. அது ஏன் கிடைக்கல?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாள்தான் இந்தக் கட்டுரை.

ஆக்டினியம்-225-ன் அரை ஆயுள் பத்து நாள். ஒரு அணு சிதையும்போது நாலு ஆல்ஃபா துகள் வரிசையாக வெளியே வரும். முதலில் ஃபிரான்சியம், பிறகு அஸ்டடின், பிறகு பிஸ்மத் என்று வேஷம் மாறி மாறிப் போய் கடைசியில் பிஸ்மத்-209-ல் வந்து அமைதியாகும். ஆல்ஃபா துகள் உடம்பில் போகிற தூரம் ஒரு தலைமுடிப் பருமன்தான். அதற்குள் தன் சக்தியையெல்லாம் கொட்டிவிடும். லுட்டீசியத்தின் பீட்டா கதிர் சோடா பாட்டில் வீச்சு என்றால் இது பக்கத்தில் நின்று குத்துவது. 2016-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் டாக்டர்கள் வெளியிட்ட இரண்டு நோயாளிகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்துத்தான் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் படத்தில் உடம்பு முழுக்கக் கரும்புள்ளி. கடைசிப் படத்தில் சுத்தம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி வற்றி, வாய் உலர்ந்து, இந்த வைத்தியத்தையே நடுவில் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

நீண்ட காலம் இந்தச் சரக்குக்கு உலகத்தில் மூன்று கடைதான். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ், ரஷ்யாவில் ஓப்னின்ஸ்க், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ. மூன்று இடத்திலும் தோரியம்-229 கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். அது மெதுவாகச் சிதையச் சிதைய அதிலிருந்து ஆக்டினியம்-225-ஐப் பால் கறக்கிற மாதிரி கறந்துகொள்வார்கள். அந்தத் தோரியம்-229 எங்கிருந்து வந்தது? யுரேனியம்-233-லிருந்து. யுரேனியம்-233 எங்கிருந்து? சாதாரணத் தோரியத்தை அணு உலையில் போட்டால் வரும். கடலூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வருகிற கல்பாக்கத்தில், 1996-லிருந்து இயங்குகிற காமினி என்ற குட்டி உலைக்கு எரிபொருளே யுரேனியம்-233தான். "அப்போ நம்மகிட்டயே இருக்கே!" என்றார் மாமா. இருக்கிறது மாமா. ஆனால் யுரேனியம்-233-ன் அரை ஆயுள் ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷம். அது சிதைந்து தோரியம்-229 சேர்வதற்குள் நாம் எத்தனை ஜென்மம் எடுக்க வேண்டுமோ?

மாற்று வழி ஒன்று உண்டு. சாதாரணத் தோரியம்-232 தகட்டின் மேல் வேகமான புரோட்டான்களை மோதவிட்டால், அணுக்கரு உடைந்து சிதறும் துண்டுகளில் ஆக்டினியம்-225 நிறையவே கிடைக்கும். தோரியம் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கிறது. மூன்று கடைகளின் மொத்த வருஷ வியாபாரத்தை ஒரு பெரிய முடுக்கி எந்திரம் கொஞ்ச நாளில் மிஞ்சிவிடும். சிக்கல் என்னவென்றால், கூடவே ஆக்டினியம்-227-ம் வரும். அதன் அரை ஆயுள் 21.8 வருஷம்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு நியூட்ரான் கூட. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஆமா."

"அப்ப கெமிஸ்ட்ரியால பிரிக்க முடியாது."

"முடியாது."

"முப்பத்து மூணு வருஷம் நோட்ஸ் கொடுத்திருக்கேன்டா. ஐசோடோப்புகள் ஒத்த வேதிப்பண்பு உடையவை, வேதிமுறையில் பிரித்தெடுக்க இயலாது. ரெண்டு மார்க் கேள்வி."

அந்த இரண்டு மார்க் கேள்வி அவர் இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

227 எவ்வளவு கலந்திருக்கும் என்று கேட்டார். கதிரியக்கக் கணக்கில் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு என்கிறார்கள். "அவ்வளவுதானா?" என்று நாம் விட்டுவிடுவோம். வாத்தியார் விடவில்லை. பேப்பரை எடுத்தார். கதிரியக்கம் என்பது விநாடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்ற கணக்கு. 227-ன் ஆயுள் 225-ஐப் போல எண்ணூறு மடங்கு. மெதுவாகச் சிதைகிற ஆசாமி ஆயிரத்தில் இரண்டு பங்கு சத்தம் போடுகிறான் என்றால் எண்ணிக்கையில் அவன் எவ்வளவு பேர்? 0.002 பெருக்கல் 800. ஒன்று புள்ளி ஆறு. அதாவது ஒரு 225 அணுவுக்கு ஒன்றரைக்கு மேலேயே 227 அணுக்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் 225 பாதியாகியிருக்கும், 227 அப்படியே நிற்கும். பாக்கெட்டில் அரிசியைவிடக் கல் அதிகம். சத்தம் மட்டும் குறைச்சல். உடம்புக்கு அந்த அளவால் பெரிய ஆபத்தில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மருத்துவமனையின் கழிவில், குழாயில், தொட்டியில் இருபத்திரண்டு வருஷத்துச் சரக்கு சேர்ந்துகொண்டே போனால் அதற்கு யார் லைசென்ஸ் கொடுப்பது?

"சரி, எப்படிப் பிரிக்கிறான்?"

நல்ல வேளையாக அத்தை பின்கட்டில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை ஒரு தூக்குத் தூக்கித் தட்டினால் உமி முன்னால் போய் விழுகிறது, பருப்பு பின்னால் நிற்கிறது. எடை குறைந்தது தள்ளிப் போகும், கூடினது போகாது. கேம்பிரிட்ஜில் அஸ்டன் 1919-ல் செய்தது இதுதான். காற்றுக்குப் பதில் காந்தம். அணுவிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கி, மின்னழுத்தம் கொடுத்து ஓடவிட்டு, காந்தப்புலத்துக்குள் நுழைய வைத்தால் பாதை வளையும். கனமானது கொஞ்சம் அகலமாக வளையும், லேசானது இறுக்கமாக வளையும். நியானில் 20, 22 என்று இரண்டு பேர் ஒரே பெயரில் குடியிருப்பதை அவர் அப்படித்தான் உறுதி செய்தார். 1922-ல் கெமிஸ்ட்ரிக்கு நோபல் பரிசு. கெமிஸ்ட்ரியால் முடியாததைச் செய்ததற்கு கெமிஸ்ட்ரி பரிசு. மாமா இதை ரசித்தார்.

நம் விஷயத்துக்குக் கணக்குப் போட்டால்: 225-க்கும் 227-க்கும் எடையில் நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசம் கிடையாது. ஒன்றரை மீட்டர் ஆரத்தில் வளைந்தால் இரண்டு பாதையின் ஆரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆறேழு மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பு அளவு. அந்த இடைவெளியில் ஒரு தகட்டில் கீறல் போட்டு வைத்தால் 225 உள்ளே போகும், 227 தகட்டில் முட்டி நிற்கும். துவரம்பருப்பு அளவு போதும்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தவர், "எடை ஒண்ணா இருக்கிற கல்லை என்ன பண்ணுவாங்க?" என்றார். முறத்தில் கை நிற்கவில்லை. "உளுந்து கனத்துல கருப்புக் கல்லு வந்துருது. அது புடைச்சாப் போவாது. கண்ணாலதான் பொறுக்கணும்."

இந்தத் துறையில் ஐம்பது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது.

தோரியம் இலக்கிலிருந்து வருவது ஆக்டினியம் மட்டும் இல்லை. ரேடியம்-225-ம் வரும், ஃபிரான்சியம்-225-ம் வரும். மூன்றும் 225. வேறு வேறு தனிமங்கள், ஒரே நிறை எண். ரேடியம்-225-க்கும் ஆக்டினியம்-225-க்கும் உள்ள எடை வித்தியாசம் ஏறக்குறைய ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. பெரிய காந்தப் பிரிப்பான்களே ஐயாயிரத்தில் ஒன்றைப் பிரித்தால் சபாஷ் வாங்கிவிடும். அதாவது காந்தத்துக்கு எடை தெரியும், ஆள் தெரியாது. கெமிஸ்ட்ரிக்கு ஆள் தெரியும், எடை தெரியாது. அப்படியானால் கண்ணால் பொறுக்குகிற வேலையை யார் செய்வது?

அதைச் சிதம்பரம் போகிற வழியில்தான் சொன்னேன்.

மாமாவுக்குப் போக வேண்டும் என்று ஆசை. பெரிய பக்திமான் இல்லை. 1970-களின் ஆரம்பத்தில் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படித்தவர். அண்ணாமலை நகரைப் பார்த்துவிட்டு, அப்படியே சாமி, அப்படியே சம்பா சாதம், கொத்சு. வரிசையில் எது முதல் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. காரில் போகும்போது, "நான் படிக்கிறப்ப பீரியாடிக் டேபிள் 105-ல நின்னுச்சு. இப்ப 118-ங்கிறான்" என்றார். இந்தப் புதுத் தனிமங்கள் கையில் பிடிக்கவோ சோதனைக் குழாயில் போடவோ கிடைக்காதவை. ஓரிரண்டு அணுவாகத்தான் பிறக்கும், சீக்கிரமே செத்துப் போகும். அதைப் பற்றி எதைத் தெரிந்துகொள்வது, எப்படி?

ஒளியால். உங்கள் வீட்டுப் பழைய ட்யூப் லைட்டுக்குள் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது 253.7 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளியை வெளியிடும், குழாயின் உள்பூச்சு அதை வெள்ளையாக மாற்றிக் கொடுக்கும். அந்த 253.7 பாதரசத்தின் கையெழுத்து. ஈயம் அதைப் போடாது, தங்கம் போடாது. ஒவ்வொரு தனிமத்துக்கும் எலெக்ட்ரான்கள் ஏறி இறங்கும் படிக்கட்டின் உயரம் வேறு. திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாதரசத்தின் முதல் படி உயரத்துக்குச் சரியாக ஒரு லேசர், இரண்டாவது படிக்கு ஒன்று, வெளியே தள்ளிவிட ஒன்று. மூன்று லேசரையும் ஒரு சூடான குழாய்க்குள் அடித்தால், உள்ளே ஐம்பது தனிமத்தின் ஆவி இருந்தாலும் பாதரசம் மட்டும்தான் படியேறி அயனியாகும். மற்றவர்கள் பேசாமல் நிற்பார்கள். அயனியானவன் மட்டும் காந்தத்துக்குள் போவான். முதலில் லேசர் ஆளைப் பொறுக்கும், அப்புறம் காந்தம் எடையைப் பொறுக்கும். அத்தையின் கண்ணும் அத்தையின் முறமும். சில முரட்டுத் தனிமங்கள் லேசர் இல்லாமல் சூட்டிலேயே அயனியாகி வரிசையில் நுழைந்துவிடும் என்பது உண்மை. ரேடியமும் அப்படித்தான். நம் மருந்து விஷயத்தில் அதுவும் கெடுதல் இல்லை: ரேடியம்-225 பதினைந்து நாளில் பாதி, தானே ஆக்டினியம்-225-ஆக மாறிவிடும்.

இந்தக் கூட்டு வித்தையின் பெரிய அடுப்படி ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஐசோல்டே என்ற பெயரில் இருக்கிறது. 1967-லிருந்து நடக்கிறது. செர்ன் என்றால் நமக்கு இருபத்தேழு கிலோமீட்டர் வளையமும் ஹிக்ஸ் துகளும்தான் ஞாபகம் வரும். ஐசோல்டே ஓரமாக இருக்கும் பழைய கடை. யுரேனியம் கார்பைடை இரண்டாயிரம் டிகிரிக்குச் சூடாக்கி வைத்து, அதன்மேல் புரோட்டானை அடித்து, வெளியே வருகிற ஆவியை லேசரிலும் காந்தத்திலும் வடிகட்டிக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள். எழுபதுக்கு மேற்பட்ட தனிமங்களில் ஆயிரத்து முந்நூறு ஐசோடோப் வரை மெனு கார்டில் இருக்கிறது. எல்லாம் சூடாக, உடனே. ஆறினால் பண்டமே இருக்காது.

இப்படிப் பிரித்தெடுத்த கற்றையோடு ஒரே திசையில் இன்னொரு லேசரையும் ஓடவிட்டு, அதன் நிறத்தை மயிரிழை மயிரிழையாக மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரே தனிமத்தின் இரண்டு ஐசோடோப்புக்குக் கையெழுத்து ஒன்றுதான், ஆனால் சாய்வு ரொம்ப லேசாக மாறும். அணுக்கரு பருத்திருந்தால், நீண்டிருந்தால், சுற்றியிருக்கிற எலெக்ட்ரானின் படி உயரம் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு நகரும். நாயனக்காரர் சீவாளியை மாற்றிவிட்டார் என்பதை, பார்க்காமலே சுருதியை வைத்து ஒத்துக்காரர் கண்டுபிடிக்கிற மாதிரி.

பாதரசத்தில் இதனால் ஒரு வேடிக்கை தெரிந்தது. சாதாரணப் பாதரசத்திலிருந்து நியூட்ரானை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் அணுக்கரு ஒழுங்காக, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு வருகிறது. 186 வரை. 185-ல் திடீரென்று ரக்பி பந்து மாதிரி நீண்டுவிடுகிறது. 184 பழையபடி உருண்டை. 183 மறுபடி நீளம். 182 உருண்டை. 181 நீளம். ஒரு நியூட்ரான் போனால் வடிவம் மாறுகிறது, இன்னொன்று போனால் திரும்புகிறது. 1972-ல் முதலில் பார்த்தபோது நம்ப ஆளில்லை. 2018-ல் ஐசோல்டேக்காரர்கள் 177 வரை கீழே போய்ப் பார்த்து, இந்த ஆட்டம் 181-ஓடு முடிந்துவிடுகிறது என்று எல்லை கட்டினார்கள். அந்த ஐசோடோப்புகள் சில விநாடி இருக்கும், சில அதுகூட இருக்காது. கற்றையில் அதே எடையில் மற்ற தனிமங்கள் கலந்து வந்தால் எதுவும் தெரியாது. பிரித்ததால் தெரிந்தது. பாதரசத்தைக் கட்டுவது பற்றி நம் சித்தர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அது இப்படி ஆடும் என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சொன்னார்கள் என்று எழுதாதீர்கள், ப்ளீஸ்.

"நடராஜர் கோயிலுக்குப் போறப்ப ஆட்டத்தைப் பத்திச் சொல்றியா" என்றார் மாமா.

கோயிலுக்குள் கனகசபைக்கு எதிரே நின்றபோது செர்னில் இருக்கிற நடராஜரைப் பற்றிச் சொன்னேன். இந்திய அரசு பரிசாகக் கொடுத்தது. இரண்டு மீட்டர் உயரம். 2004 ஜூன் 18-ம் தேதி திறந்து வைத்தார்கள். காபி குடிக்கப் போகிற விஞ்ஞானிகள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். மாமா, "அபிஷேகம் உண்டா?" என்றார். மழை பெய்யும் மாமா, அதுதான்.

ரகசியம் பார்க்கத் திரையை விலக்கினார்கள். சின்ன வயசில் என்னை இதே இடத்தில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு காட்டியவர் மாமாதான். உள்ளே ஒன்றும் இல்லை, தொங்கும் பொன் வில்வ மாலை மட்டும். வெளியே வந்து சிவகங்கைக் குளத்துப் படியில் மெதுவாக உட்கார்ந்தார். உட்காருவதற்கே இப்போது இரண்டு நிமிஷம் ஆகிறது.

"இந்தக் கோயில் மொத்தமும் ஒரு கனமான அணுன்னு வெச்சா, அணுக்கரு எவ்வளவு இருக்கும்?"

மனக்கணக்காக, "ஒரு அரைநெல்லிக்காய்" என்றேன்.

"மீதியெல்லாம் ஆகாசம். உள்ள இருக்கிறதை யாரும் பார்க்கல. மாலை ஆடுறதை வெச்சுத் தெரிஞ்சுக்கிறான். அப்படித்தானே?"

எலெக்ட்ரானை இவ்வளவு நன்றாக யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கொத்சு சாப்பிடும்போது கேட்டார்: "இந்த நொபீலியம், ஃபெர்மியமெல்லாம் செய்யறானே, அதனால யாருக்குடா பிரயோஜனம்?"

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்தில் 2016-ல் நொபீலியத்தின் கையெழுத்தை முதன்முதலாகப் படித்தார்கள். ஈயத் தகட்டின் மேல் கால்சியம் அணுக்களை மோதி நொபீலியம்-254 உண்டாக்குகிறார்கள். அரை ஆயுள் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. மோதாமல் தாண்டி வருகிற கோடானுகோடி கால்சியத்திலிருந்து இந்த ஒன்றிரண்டு அணுவைப் பிரிக்க மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் எதிரெதிராக வைத்த வேக வடிகட்டி இருக்கிறது. சரியான வேகம் உள்ளவன் மட்டும் நேராகப் போவான். அவன் ஆர்கான் வாயுவில் நிதானப்பட்டு, ஒரு டாண்டலம் கம்பியில் ஒட்டிக்கொள்வான். கம்பியைச் சூடாக்கி அவனை ஆவியாக்கி, இரண்டு லேசர் அடித்து, அயனியானால் உணர்கருவிக்கு இழுத்து, அவன் சாகும்போது விடுகிற ஆல்ஃபாவை எண்ணி, "ஆமாம், வந்தவன் நொபீலியம்தான்" என்று சர்டிஃபிகேட் கொடுப்பார்கள். எமன் கையெழுத்துப் போட்டால்தான் ஆள் இருந்தான் என்பதற்கு ஆதாரம். கொஞ்ச நேரம் தாங்கும் ஃபெர்மியம் ஐசோடோப்புகளை மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிசிகோ என்ற காந்தப் பிரிப்பானில் ஓட்டிப் பார்த்தார்கள். ஜெர்மன் மொழியில் அந்த வார்த்தைக்கு ஆபத்து என்று அர்த்தம். பேர் வைத்தவருக்கு ஹாஸ்ய உணர்ச்சி இருக்கிறது. இரண்டு இடத்து அளவுகளையும் சேர்த்து 2024-ல் வெளியிட்டார்கள். கனமான அணுக்கருக்கள் நியூட்ரான் கூடக்கூடத் தடங்கல் இல்லாமல் சீராகப் பருக்கின்றன என்று தெரிந்தது.

"நொபீலியத்தால யாருக்கும் பிரயோஜனம் இல்ல மாமா" என்றேன்.

"அப்ப எனக்கு எதுக்குச் சொல்ற?"

ஏனென்றால் ஆக்டினியத்தை எந்த நிற லேசர் படியேற்றும் என்பதைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் டாக்டர்கள் இல்லை. இந்த அணுக்கரு வடிவம் பார்க்கிற கூட்டம்தான். பெல்ஜியத்தில் லூவேன்-லா-நூவ் என்ற ஊரில், நொடிப்பொழுதில் சிதைகிற ஆக்டினியம் ஐசோடோப்புகளை வாயுவில் பாயவிட்டு லேசரால் படித்து 2017-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு ப்ராஸ்டேட் ஞாபகமே இருந்திருக்காது. அதே 2017 டிசம்பரில் செர்னில் மெடிசிஸ் என்று மருத்துவத்துக்கான தனிப் பிரிவு வேலையை ஆரம்பித்தது. ஐசோல்டேயில் அடிக்கிற புரோட்டானில் பெரும்பகுதி இலக்கைத் துளைத்துக்கொண்டு வீணாகப் பின்னால் போகும். அந்த இடத்தில் இன்னொரு இலக்கை வைத்து, சுட்டு எடுத்து, தனிக் காந்தத்தில் பிரித்து ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கு அனுப்புகிறார்கள். சாதம் வடித்த கஞ்சியில் துணிக்கு மொடமொடப்பு ஏற்றுகிற நம்ம வீட்டுச் சிக்கனம்.

ஆனால் மாமாவிடம் பொய் சொல்ல முடியாது. காந்தத்தில் பிரித்து எடுப்பது ஆராய்ச்சி அளவில்தான் நடக்கிறது. ஆவியாக்கி, அயனியாக்கி, வளைத்து, பிடிப்பதற்குள் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். ஆயிரம் நோயாளிக்குத் தேவையான அளவை அப்படி எடுக்க இன்னும் நாள் ஆகும். எத்தனை நாள் என்று கேட்டார். உங்களுக்கு உதவுகிற அளவுக்குச் சீக்கிரம் இல்லை என்பதை வேறு வார்த்தையில் சொன்னேன். புரிந்துகொண்டார். கொத்சில் கத்தரிக்காய் நன்றாக மசியவில்லை என்று குறை சொன்னார்.

மருந்து வந்தது. தோரியம்-229 வழியில் எடுத்தது, வெளிநாட்டிலிருந்து விமானத்தில். ஒரு நாள் தாமதம். ஒரு நாளென்றால் நூற்றில் ஏழு பங்கு ஆகாசத்தில் போயிற்று என்று மாமா கணக்குச் சொன்னார். டாக்டர் ஊசியோடு வந்தபோது, "இதுல 227 எவ்வளவு இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியும் கேட்டதில்லையாம். டாக்டர் உள்ளே போய்த் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, "இந்த வழியில வர்றதுல 227 கிடையாது சார்" என்று காட்டினார். மாமா கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.

ஆறு வாரம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை எண் இறங்கியிருக்கிறது, பாதிக்குக் கீழே. வாய் உலர்கிறது. அத்தை மணிக்கொரு தடவை மோர் கொடுக்கிறார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறது, ஒரு வருஷத்துக்குப் பிறகு. இரண்டாவது டோஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். ஸ்டாக் வந்தால் போன் பண்ணுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.